சாமோவாவுக்குப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது

ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் மூன்று மூலைகளாக வைத்துப் பசிபிக் சமுத்திரத்தில் ஒரு முக்கோணம் கீறினால், அதற்குள் கிடக்கும் தீவுகளே பொலினீசியா எனப்படுகின்றன. அவற்றுள் ஒரு நாடு சாமோவா. உபோலு, சவாயி என்னும் இரண்டு பெரிய தீவுகளும் சில சிறு தீவுகளும் சேர்ந்த நாடு அது. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,840 சதுர கிலோமீற்றர். நமது மட்டக்களப்பு மாவட்டத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். சனத்தொகை 2 இலட்சத்துக்குச் சற்று மேல்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் வாசிக்கும் ஏட்டில் உல்லாசப் பயணத்துக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆனால் நம்மில் பலருடைய பிள்ளைகளும் சகோதரர்களும் இன்று ஒக்லாந்திலும் சிட்னியிலும் மெல்பேர்னிலும் வாழ்கின்றார்கள். ஒக்லாந்திலிருந்து சாமோவாவுக்கு விமானத்தில் ஏறத்தாழ 4 மணி நேரமே. விடுமுறை வந்தால் அவர்களும் அயலவர்களைப் போல அங்கே போக எண்ணுகின்றார்கள். தென்னை, வெள்ளை மணல், நீலக் கடல் என்று விளம்பரப் படங்கள் அழைக்கின்றன. அந்தப் படங்களில் அநேகமாக மனிதரைக் காண முடியாது. ஆளில்லாத கரை போலவே அது காட்டப்படுகின்றது.

உண்மையில் அந்தக் கரையின் ஒவ்வொரு முழத்துக்கும் ஆள் இருக்கின்றது. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: சாமோவா போன்ற ஒரு தீவுக்குப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் விமானச் சீட்டின் விலையைக் கேட்பதற்கு முன், 'அங்கே காணி யாருடையது, நான் யாருடைய படலையைத் திறந்து உள்ளே போகப் போகிறேன்' என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்வி போகிறவருக்கு மட்டும் உரியதன்று. காணியை இழந்தோ, இழக்கும் பயத்தோடோ வாழ்கின்ற நமக்கும் அது உரியது.

காலமும் வழியும்

முதலில் எல்லோரும் கேட்கும் விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாமோவாவில் மே முதல் ஒக்டோபர் வரை மழை குறைந்த காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், சூறாவளி வரக்கூடிய காலமும் அதுவே. 1990 பெப்ரவரியில் 'ஓஃபா', 1991 டிசெம்பரில் 'வால்' என்று இரண்டு பெருஞ் சூறாவளிகள் இரண்டு வருடத்துக்குள் அந்த நாட்டைப் புரட்டிப்போட்டன. நத்தார் காலத்தில் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கவேண்டும். நியூசிலாந்திலும் ஒஸ்ரேலியாவிலும் உழைக்கும் சாமோவா மக்கள் பிறந்த ஊருக்குத் திரும்பும் காலம் அது. அந்த ஆசனம் பெற்றோரைப் பார்க்கப் போகும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதே நல்லது.

விமானநிலையம் உபோலுவின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஃபலேயோலோவில் இருக்கின்றது. தலைநகர் ஆப்பியா. சவாயி தீவுக்குச் செல்ல முலிஃபனுவா துறையிலிருந்து சலேலொலொங்காவுக்குப் படகுச் சேவை உண்டு. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எடுக்கும். 2009 செப்டெம்பர் 7 முதல் வாகனங்கள் வீதியின் இடது பக்கத்தால் ஓடுகின்றன. அதற்கு முன் வலது பக்கம். நாட்டின் பணம் தாலா. 2011 டிசெம்பரில் திகதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு நாடு மாறியபோது டிசெம்பர் 30 என்ற நாளே அவர்களுக்கு இல்லாமற் போனது. வியாபாரத்தில் நியூசிலாந்தோடும் ஒஸ்ரேலியாவோடும் நாள் ஒத்துப்போகவே அப்படிச் செய்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அது ஊசி போட்டுக்கொள்வது. 1918 நவம்பரில் 'தலுனே' என்ற கப்பல் ஒக்லாந்திலிருந்து ஆப்பியாவுக்கு வந்தது. அதிலே காய்ச்சற்காரர் இருந்தும், அப்போது ஆட்சி செய்த நியூசிலாந்து நிருவாகம் கப்பலைத் தடுத்துவைக்கவில்லை. சில வாரங்களில் மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மாண்டார்கள். அருகே அமெரிக்க ஆட்சியில் இருந்த கிழக்குச் சாமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து 2019 இல் சின்னமுத்து வந்து 83 பேரைக் கொண்டுபோனது. அவர்களிற் பெரும்பாலானோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டும்படி அரசு கேட்டு, வீடு வீடாகச் சென்று ஊசி போட்டது. விருந்தாளி பையிலே எதைக் கொண்டுபோகிறார் என்பதை விட உடம்பிலே எதைக் கொண்டுபோகிறார் என்பதே அந்த ஊர்களுக்கு முக்கியமானது. இது முகாம்களில் நெருங்கி வாழ்ந்த நமக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விடயமன்று.

விற்க முடியாத காணி

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். சாமோவாவின் நிலத்தில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் வழக்காற்றுக் காணி. அதாவது அது தனியாள் ஒருவரின் உறுதிக் காணியும் அன்று, அரச காணியும் அன்று. 'அயிகா' எனப்படும் பெருங் குடும்பத்தின் காணி. குடும்பம் கூடித் தெரிவு செய்யும் தலைவர் 'மத்தாய்' எனப்படுவார். காணியைப் பராமரிக்கும் பொறுப்பு அவருடையது. விற்கும் உரிமை அவருக்கு இல்லை. 1962 சனவரி 1 இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, வழக்காற்றுக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்பதை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். குத்தகைக்குக் கொடுக்கலாம். அதற்கும் கால எல்லை உண்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? அவர்கள் பட்டு அறிந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியர், பிரித்தானியர், அமெரிக்கர் என்று வந்தவர்கள் துப்பாக்கிக்கும் துணிக்கும் சாமானுக்கும் காணி 'வாங்கினார்கள்'. உட்பூசல் நடந்த காலம் அது. துவக்கு வேண்டியவர் காணியைக் கொடுத்தார். 1890களில் ஓர் ஆணைக்குழு இந்த உரிமைக் கோரிக்கைகளை விசாரித்தது. வெளிநாட்டார் தமது என்று கோரிய காணிகளைக் கூட்டிப் பார்த்தால், நாட்டின் மொத்தப் பரப்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது! ஒரே காணி பலருக்கு விற்கப்பட்டிருந்தது. காணி இல்லாதவரும் விற்றிருந்தார். இறுதியில் கோரியதில் பத்திலொரு பங்குக்கும் குறைவாகவே ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உபோலுவின் நல்ல நிலங்கள் பல அவ்விதம் பெருந்தோட்டங்களாகக் கைமாறின.

யுத்த காலத்தில் காணி எவ்வளவு இலகுவாகக் கைமாறும், பின்பு எத்தனை பேர் அதே துண்டுக்கு உறுதியோடு வந்து நிற்பார்கள் என்பதை நம்முடைய வாசகர்கள் அறிவார்கள். ஆகவே அந்த அரசியலமைப்பு வாசகத்தின் பெறுமதி மற்றவர்களை விட நமக்குத் தெளிவாக விளங்கும்.

ஓர் ஊரின் காணி வழக்கமாக மலை முகட்டிலிருந்து கடற்பாறை வரை நீண்டு கிடக்கும். மேலே காடு, நடுவே சேம்பும் வாழையும் ஈரப்பலாவும், கீழே தென்னையும் வீடுகளும், அப்பால் மீன் பிடிக்கும் ஆழம் குறைந்த கடல். விருந்தாளி குளிக்க இறங்கும் கரைக்குப் போகும் வழி ஒரு குடும்பத்தின் வளவுக்கூடாகவே செல்கின்றது. அதனால்தான் பல கரைகளில் சில தாலாக்கள் கேட்கிறார்கள். 'கடலுக்குப் போகவும் காசா?' என்று முணுமுணுக்கிற பயணிகள் இருக்கின்றார்கள். பெரிய ஹொட்டேலின் வாசலில் அதைப்போலப் பல மடங்கைக் கேட்காமற் கொடுப்பவர்களும் அவர்களே. அந்தச் சில்லறை காணிக்காரரின் உரிமைக்குக் கொடுக்கும் மரியாதை. அதைப் பயணச் செலவில் முதல் வரியாக எழுதிக்கொள்ளவேண்டும்.

சவாயியின் மேற்கு முனையில் ஃபலேயலுப்போ என்று ஓர் ஊர். 1980களின் இறுதியில் பள்ளிக்கூடம் கட்டப் பணம் இல்லாமல் தமது காட்டை மரக் கம்பனிக்குக் கொடுக்க உடன்பட்டார்கள். அங்கே மூலிகை ஆராய்ச்சி செய்த ஓர் அமெரிக்கத் தாவரவியலாளர் முன்னின்று பள்ளிக்கூடத்துக்கான பணத்தைத் திரட்டிக் கொடுக்க, மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 ஏக்கர் காட்டைக் காப்பதாக ஊர் உறுதி கொடுத்தது. காடு ஊருக்கே உரியதாக இருந்தது. பின்னர் உயர்ந்த மரங்களுக்கிடையே நடைபாலம் அமைத்து வருபவர்களிடம் கட்டணம் பெற்றார்கள். வெளியாள் உதவி செய்யலாம். உரிமை மாறவேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தங்குவது எங்கே?

'ஃபலே' என்றால் வீடு. தூண்களும் கூரையும் உண்டு, சுவர் இல்லை. மழை வந்தால் பின்னிய ஓலைத் தட்டியை இறக்கிவிடுவார்கள். கரையோரக் குடும்பங்கள் தமது காணியில் இப்படிச் சிறு ஃபலேக்களைக் கட்டி, மெத்தையும் நுளம்பு வலையும் இரண்டு நேரச் சாப்பாடும் கொடுத்து விருந்தாளிகளைத் தங்கவைக்கின்றார்கள். உபோலுவில் லலோமனு, சவாயியில் மனாசே ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்போனவை. சேம்பங்கிழங்கு, ஈரப்பலா, மீன், சேம்பின் இளம் இலையில் தேங்காய்ப்பால் விட்டுச் சுடு கல்லில் அவித்த 'பலுசாமி' (பெயரைக் கேட்டு நம்மூர்க்காரர் என்று எண்ணிவிடவேண்டாம்!) எல்லாம் அந்த வளவிலும் கடலிலும் விளைந்தவை. விருந்தாளி கொடுக்கும் பணம் அந்த வீட்டிலேயே தங்குகின்றது. பெரிய ஹொட்டேல்களும் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் வாங்குவது வேறு, விருந்தோம்புவது வேறு. ஒரு வாரம் போகிறவர் நான்கு இரவாவது இப்படியான குடும்பத்தோடு தங்கத் திட்டமிடவேண்டும் என்பது என் கருத்து.

தங்குகிறவர் ஊரின் ஒழுங்குக்கு அடங்கவேண்டும். பொழுதுபடும் நேரத்தில் சங்கோ மணியோ ஒலிக்கும். 'ஸா' எனப்படும் குடும்ப வழிபாட்டு நேரம் அது. பத்து இருபது நிமிடம் ஊரே அடங்கியிருக்கும். அப்போது வீதியில் நடந்து திரிவது பிழை. ஞாயிற்றுக்கிழமை ஆலயமும் குடும்பச் சாப்பாடும் ஓய்வும்தான். பல ஊர்களில் அன்று கடலில் இறங்க விடமாட்டார்கள். ஊருக்குள் நடக்கும்போது குளிக்கும் உடுப்போடு திரியாமல், அவர்களுடைய 'லாவாலாவா'வைக் கட்டிக்கொள்ளவேண்டும். நம்முடைய சாரம் போன்றதுதான். வீட்டுக்குள் போனால் நிலத்தில் அமர்ந்தே பேசவேண்டும். பிறரை நோக்கிக் காலை நீட்டக்கூடாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்முடைய பழமொழி. அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர் சொல்வதே சட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சேம்பு தந்த பாடம்

சாமோவா மக்கள் விருந்தாளிகளை நம்பித் தோட்டத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். சூறாவளிகள் இரண்டும் ஓய்ந்து தலை நிமிர்ந்த நேரத்தில், 1993 இல் சேம்புக்கு இலைக் கருகல் நோய் வந்தது. அப்போது சேம்பே அவர்களுடைய சோறும் முதன்மையான ஏற்றுமதியும். ஏற்றுமதிக்காக ஒரே இனத்தைப் பெருமளவில் நட்டிருந்தார்கள். அந்த இனம் நோயைத் தாங்கவில்லை. ஓரிரு வருடத்தில் ஏற்றுமதி இல்லையென்றே ஆகிவிட்டது. வாழை, ஈரப்பலா, வள்ளிக்கிழங்கு என்று பிழைத்துக்கொண்டார்கள். கரையோரக் குடும்பங்கள் பல விருந்தாளிகளுக்கு ஃபலே கட்டியதும் அந்த 1990களிலேயே. பின்னர் அலஃபுவா என்ற இடத்தில் உள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் விவசாயிகளும் ஆய்வாளரும் ஒன்றாக இருந்து, ஆசிய நாடுகளின் சேம்பு இனங்களோடு கலந்து, நோய் தாங்கும் இனங்களைத் தெரிந்தெடுத்தார்கள். எது ருசி, எது விளையும் என்று தோட்டக்காரரே பார்த்துச் சொன்னார்கள். ஏற்றுமதி மெல்ல மெல்லத் திரும்பியது.

2020 மார்ச்சில் கொவிட் நோய்க்காக எல்லை மூடப்பட்டு, 2022 ஓகஸ்டில்தான் பயணிகளுக்குத் திறந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு விருந்தாளியும் இல்லை. ஹொட்டேல் சம்பளத்தை மட்டும் நம்பியவர் தவித்தார். காணி உள்ளவருக்குக் கிழங்காவது இருந்தது. விருந்தாளி வருமானம் சோற்றுக்குக் கறி போல, அதுவே சோறாகிவிடக்கூடாது.

மேட்டில் ஓர் இடம்

சவாயிக்குப் போகிறவர்கள் சலியாவுலாவின் எரிமலைக் குழம்பு வெளியைப் பார்க்கத் தவறுவதில்லை. 1905 முதல் 1911 வரை மத்தவானு எரிமலை கக்கிய குழம்பு ஊர்களை மூடிக் கடல் வரை ஓடியது. ஆலயத்தின் சுவர்கள் இன்றும் கறுத்த பாறைக்கு நடுவே நிற்கின்றன. படம் எடுப்பவர்கள் ஒரு கேள்வியையும் கேட்கவேண்டும்: அந்தச் சனங்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் கடல் கடந்து உபோலுவில் லெயாவ்வா, சலமுமு போன்ற இடங்களில் குடியமர்ந்தார்கள். இன்று அவை நிலைத்த ஊர்கள். இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே தோட்டக்காரர்.

2009 செப்டெம்பர் 29 காலை, கடலடியில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தால் சுனாமி எழுந்து உபோலுவின் தெற்கு, தென்கிழக்குக் கரைகளை அடித்தது. சாமோவாவில் மாத்திரம் 140 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லலோமனுவில் வரிசையாக நின்ற ஃபலேக்கள் துடைத்தெடுக்கப்பட்டன. தப்பியவர்கள் பலர் மேட்டில் இருந்த தமது தோட்டக் காணிக்கு ஏறிப்போய் அங்கே வீடு கட்டினார்கள். ஊர்க் காணி மலை வரை நீண்டு கிடந்ததால் அவர்களுக்குப் போக இடம் இருந்தது. தண்ணீரும் வீதியும் மின்சாரமும் இல்லாமற் கஷ்டப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பிறத்தியாரின் காணியில் கெஞ்சி நிற்கவில்லை. சில காலத்தில் கரையில் மீண்டும் ஃபலேக்களைக் கட்டி விருந்தாளிகளை வரவேற்றவர்களும் அதே குடும்பங்கள்தான்.

2004 டிசெம்பர் 26 இற்குப் பின் நம்முடைய நாட்டில், கரையிலிருந்து 100 மீற்றர், 200 மீற்றர் என்று அரசு எல்லை குறித்தபோது, உள்ளே போவதற்குச் சொந்தக் காணி இருந்த கரையோரக் குடும்பங்கள் எத்தனை? இரண்டு நாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அனர்த்தம் ஒன்றாயினும் காணி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வேறுபாட்டைச் செய்கின்றது என்பது தெரியும்.

குறையும் உண்டு

சாமோவாவைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமன்று. ஊர்ச்சபையாகிய 'ஃபோனோ'வுக்கு 1990 இல் சட்டப்படி அதிகாரம் அளிக்கப்பட்டது. அது ஊரை ஒழுங்காக வைத்திருக்கின்றது. ஆனால் கட்டுப்பாட்டை மீறிய குடும்பங்களை ஊரை விட்டே விலக்கிய சம்பவங்களும் நடந்துள்ளன. ஊரால் துரத்தப்பட்ட குடும்பமும் இடம்பெயர்ந்த குடும்பம்தான். மத்தாய்களில் பெண்கள் இன்னும் குறைவு. வழக்காற்றுக் காணியின் குத்தகையை வங்கியில் ஈடு வைக்க வழி செய்யும் சீர்திருத்தங்களை எதிர்த்து, 2014 இல் சில மத்தாய்கள் ஆசிய அபிவிருத்தி வங்கியிடமே முறைப்பாடு செய்தார்கள். குத்தகை என்ற வாசலால் காணி மெல்லப் போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் வீணானது என்று நான் நினைக்கவில்லை. சட்டம் வேலி மட்டுமே. வேலியை ஆண்டுதோறும் அடைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

நமக்கு என்ன?

இடம்பெயர்ந்த நாம் நிறைய விருந்தாளிகளைக் கண்டவர்கள். வாகனத்தில் வந்தார்கள், தறப்பாளுக்குள் குனிந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களிற் பலர் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் அங்கே நாம் வீட்டுக்காரராக இருக்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்லவும், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லவும் நமக்குப் படலை இருக்கவில்லை. காணி பறிபோகும்போது விளைச்சலோடு விருந்தோம்பும் உரிமையும் சேர்ந்தே போகின்றது.

ஆகவே இரண்டு வேலைகளை முன்வைக்கின்றேன். முதலாவது, வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் இப்படியான தீவுக்குப் போகப்போவதாகச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஊசி போட்டாயிற்றா? தங்கும் இடம் யாருடைய காணி? கொடுக்கும் பணம் யாருடைய கைக்குப் போகின்றது? பெற்றோர் கேட்டால் பிள்ளைகள் யோசிப்பார்கள்.

இரண்டாவது, நமது கரைகளுக்கும் குளக்கட்டுகளுக்கும் ஹொட்டேல் கட்ட ஆட்கள் வரும்போது ஊர் கூடிக் கேட்கவேண்டியவை: இது விற்பனையா, குத்தகையா? எத்தனை ஆண்டு? முடிந்தால் காணி யாரிடம் திரும்பும்? கரைவலைக்கும் கடலுக்கும் போகும் வழி திறந்திருக்குமா? கையொப்பம் வைப்பவர் ஊரைக் கேட்டாரா? இடம்பெயர்ந்து வேறு மாவட்டத்தில் இருக்கும் காணிக்காரருக்கு அறிவித்தாயிற்றா? கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் பெறவேண்டும். உறுதி, பெர்மிற், வரிப் பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பின் பிரதி என்று கையில் உள்ள எந்தத் துண்டையும் எறிந்துவிடாமல், பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இல்லாதவர்கள் இந்த மாதமே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கத் தொடங்குங்கள்.